செபமாலையும் சட்டப் புத்தகமும்

அயர்லாந்துக்குச் சுதந்திரம் வாங்கிக் கொடுத்தது கத்தோலிக்கத் திருச்சபையே என்று கூறுவோர் உளர். வரலாறு அவ்வாறு கூறவில்லை.

1916 ஏப்பிரல் 24ஆந் திகதி, உயிர்த்த ஞாயிற்றின் மறுநாள், டப்ளின் பிரதான தபாற்கந்தோரைக் கைப்பற்றிய தொண்டர்கள் குண்டுமாரிக்கிடையே செபமாலை சொன்னார்கள். காயமுற்ற நிலையில் நாற்காலியில் இருத்திச் சுடப்பட்ட தொழிலாளர் தலைவர் ஜேம்ஸ் கொனலி சமதர்மவாதி. அவரும் சாகுமுன் நற்கருணை பெற்றார். கோர்க் நகர முதல்வர் ரெறன்ஸ் மக்சுவினி 1920 ஒக்டோபரில், பிறிக்ஸ்ரன் சிறையில், 74 நாள் உண்ணாநோன்பின் பின் உயிர் துறந்தார். சாவுக்கு அஞ்சாத நெஞ்சை இவர்களுக்குப் பக்தி அளித்தது. இதனை மறுப்பவன் நேர்மையற்றவன்.

ஆனால் பக்தி வேறு, பீடம் வேறு! மக்சுவினி மறைந்து இரு திங்கள் கழியுமுன், அதே கோர்க்கின் மேற்றிராணியார் கோகலன், பதுங்கித் தாக்குதலில் ஈடுபடுவோரைத் திருச்சபையினின்று விலக்குவதாக ஆணையிட்டார். 1921 டிசெம்பரில் பிரித்தானியாவுடன் உடன்படிக்கை ஆயிற்று. அதனை எதிர்த்து ஆயுதமேந்திய குடியரசுவாதிகளுக்கு, 1922 ஒக்டோபரில், மேற்றிராணிமார் ஒருங்கே கூடிப் பாவமன்னிப்பும் நற்கருணையும் மறுத்தனர். இளைஞர் பக்கம் நின்ற குருமாரும் இருந்தனர். பீடமோ ஆட்சியின் பக்கமே நின்றது.

பின்னர் நடந்தது யாது? ஐரிஷ் குடியரசுக் கொள்கையின் தந்தை வூல்ஃப் ரோன் புரொட்டஸ்தாந்தர். மதப் பெயர்களை மறந்து அனைவரும் ஐரிஷ்காரராக வேண்டும் என விழைந்தவர். அவர் வழியை மறந்து, 1937ஆம் ஆண்டின் அரசியலமைப்பு கத்தோலிக்கத் திருச்சபைக்கு விசேட நிலை வழங்கிற்று. மணவிலக்கையும் தடை செய்தது. தன்னாட்சி என்பது உரோமாபுரி ஆட்சியே என அஞ்சிய வடபகுதிப் புரொட்டஸ்தாந்தருக்கு, அவர்தம் அச்சம் சரியென்று டப்ளினே சாட்சி சொன்னது. 1921இல் பிரிந்த வடபகுதி இன்றும் பிரிந்தே நிற்கின்றது.

1972 டிசெம்பரில், சர்வசன வாக்கெடுப்பின் மூலம், அயர்லாந்து மக்கள் அவ்விசேட நிலையை நீக்கினர். அதே ஆண்டு மே மாதத்திலேதான் இலங்கை தன் குடியரசு அரசியலமைப்பில் பௌத்தத்துக்கு முதன்மை இடம் எழுதிக்கொண்டது. முப்பத்தைந்து ஆண்டு சுமந்து ஒருவன் கழற்றிய நுகத்தை மற்றவன் விரும்பிப் பூட்டிக்கொண்டான்! 1978இன் அரசியலமைப்பிலும் அது அவ்வாறே உளது.

தமிழ் மக்களோ, பெரும்பாலும் சைவராயிருந்தும், கிறிஸ்தவரான செல்வநாயகத்தைத் தலைவராக ஏற்றனர். அந்தச் செல்வத்தை இழக்கலாகாது. கோயிலில் விளக்கேற்றுவோர் ஏற்றுக. தேவாலயத்தில் முழந்தாளிடுவோர் இடுக. நாட்டின் சட்டத்தில் மட்டும் எந்தப் பீடத்துக்கும் உயர்ந்த ஆசனம் வேண்டா.