பாட்டிக்கு ஒரு பெயர் உண்டு

உங்கள் அம்மாவைப் பெற்ற பாட்டியின் தாயார் பெயர் உங்களுக்குத் தெரியுமா? சற்று யோசித்துப் பாருங்கள். "கும்பகோணத்துப் பாட்டி" என்பீர்கள். கும்பகோணம் என்பது ஊர். பாட்டி என்பது உறவு. அவளுடைய பெயர் எங்கே போயிற்று?

இந்த விஷயத்தில் ஸ்காட்லாந்துப் பாட்டிமார்கள் கொஞ்சம் கொடுத்து வைத்தவர்கள் என்றுதான் சொல்ல வேண்டும். அந்தச் சின்ன தேசத்திலிருந்து கானடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறியவர்கள் ஏராளம். அவர்களுடைய பேரன் பேத்திகள் இன்று தங்கள் வேரைத் தேடி எடின்பரோ நகருக்கு வருகிறார்கள். ராபர்ட் ஆடம் என்ற சிற்பி திட்டமிட்டு, 1774-ல் அஸ்திவாரம் போட்ட பதிவேட்டு மாளிகை அங்கே இருக்கிறது. வர முடியாதவர்கள், கட்டணம் செலுத்தி வீட்டிலிருந்தபடியே இணையத்தில் ஏடுகளைப் பார்க்கலாம்.

தேடும் வழி சுலபமானது. தெரிந்த இடத்திலிருந்து தெரியாத இடத்துக்கு, ஒவ்வொரு படியாகப் பின்னால் போக வேண்டும். பிறப்பு, விவாகம், மரணம் மூன்றையும் சர்க்கார் பதிவு செய்யத் தொடங்கியது 1855 ஜனவரி முதல் தேதி. அந்த முதல் வருஷத்துப் பதிவைப் பார்த்தால் பிரமித்துப் போவீர்கள். ஒரு குழந்தை பிறந்தால் பெற்றோரின் வயது, பிறந்த ஊர், அவர்களுக்குக் கலியாணமான தேதி, மூத்த குழந்தைகள் எத்தனை, அவர்களில் தவறியவை எத்தனை என்று அத்தனையும் எழுதினார்கள். குமாஸ்தாக்களுக்குக் கை வலித்ததோ என்னவோ, அடுத்த வருஷமே பாதியைக் குறைத்துவிட்டார்கள்!

ஆனால் ஒன்றை மட்டும் குறைக்கவில்லை. மரணப் பதிவிலும் விவாகப் பதிவிலும் தகப்பன் பெயரோடு தாயின் பெயரையும், அவளுடைய பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரையும் எழுதினார்கள். 1860-ல் எண்பது வயதில் ஒரு கிழவி கண்ணை மூடினால், அந்த ஒரே சீட்டில் 1780-க்கு முந்திய ஒரு தாயாரின் பெயர் கிடைத்துவிடுகிறது. பக்கத்திலிருக்கும் இங்கிலாந்தைப் பாருங்கள். அங்கே விவாகப் பதிவேட்டில் மணமக்களின் தகப்பனார் பெயர் மட்டுமே இருந்து வந்தது. தாயார் பெயருக்கு இடம் கிடைத்தது 2021 மே மாதத்தில்தான்!

ஸ்காட்லாந்துக் கல்லறைக் கற்களிலும் இதே வழக்கம் உண்டு. கணவன் பெயருக்குக் கீழே மனைவியின் பெயர், அவள் பிறந்த வீட்டுப் பெயரோடு செதுக்கப்பட்டிருக்கும்.

1855-க்கு முன்னால் போக வேண்டுமானால் 'பாரிஷ்' எனப்படும் திருச்சபை வட்டங்களின் பழைய ஏடுகளைப் புரட்ட வேண்டும். அவற்றில் மிகப் பழையது பெர்த்ஷயரிலுள்ள எர்ரல் என்ற ஊரின் ஏடு, 1553-ல் தொடங்குகிறது. ஞானஸ்நானம், கலியாண அறிவிப்பு, அடக்கம் ஆகியவற்றைச் சபைக் கணக்கர் எழுதி வைப்பார். பல ஊர்களில் பள்ளிக்கூட உபாத்தியாயர்தான் அந்தக் கணக்கர். ஒருவர் விவரமாக எழுதுவார். இன்னொருவர் தாயின் பெயரையே விட்டுவிடுவார். போதாக்குறைக்கு 1783-ல் ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்னி வரி போட்டார்கள். 1794-ல் அது ரத்தாகும் வரையில், காசுக்குப் பயந்து பதியாமல் விட்டவர்கள் பலர்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நம் வீடுகளைப் போலவே அங்கும் பாட்டன் பெயரைத் தாங்குகிறவன்தான் பேரன். முதல் பிள்ளைக்குத் தகப்பனின் தகப்பன் பெயர். முதல் பெண்ணுக்குத் தாயின் தாய் பெயர். பெரும்பாலோர் இந்த வழக்கத்தைக் கைக்கொண்டார்கள். அண்ணன் தம்பி நால்வரும் தலைப்பிள்ளைக்கு ஒரே பாட்டன் பெயரை வைத்தால், ஒரே ஊரில் ஒரே பெயரில் நாலு பேர்! யார் எந்த வீடு என்று பிரித்தறிய, குடியிருந்த பண்ணையின் பெயரையும் ஊர்ச் சரித்திரத்தையும் பார்க்க வேண்டும். 1790-களில் ஸர் ஜான் ஸின்க்ளேர் என்பவர் ஊர் ஊராகப் பாதிரிமார்களுக்குக் கேள்விகள் அனுப்பி, பதில்களை 21 புத்தகங்களாக வெளியிட்டார். கூலி எவ்வளவு, பயிர் என்ன, கைத்தொழில் என்ன என்றெல்லாம் அவற்றில் காணலாம். வெறும் பெயராக இருந்த பாட்டி, அப்போது அடுப்பும் ராட்டையுமாகக் கண்முன் வந்து நிற்பாள்.

சில பக்கங்களைப் படித்தால் மனம் கனக்கும். கலியாணமாகாமல் தாயான பெண்ணைச் சபை மூப்பர்கள் அழைத்து, தகப்பன் யார் என்று விசாரிப்பார்கள். பிறகு கோயிலில் எல்லோருக்கும் முன்னால் கண்டிப்பார்கள். ஆண்களையும் விட்டுவிடவில்லை. கவி ராபர்ட் பர்ன்ஸே 1786-ல் மாக்லின் ஊர்ச் சபையில் அந்தக் கண்டனத்தைக் கேட்க வேண்டியிருந்தது. அவளைத் தலைகுனிய வைப்பதற்காக எழுதிய அதே வரிகள், இன்று அவள் பேத்தியின் பேத்திக்குப் பொக்கிஷமாகின்றன. "இவள் என் பாட்டி" என்று பெருமையோடு சொல்லிக்கொள்ள வேறு தடயம் ஏது?

இந்தத் தேட்டத்தில் தேர்ந்தவர்கள் ஒரு பாடம் சொல்லுவார்கள். ஏட்டில் இருப்பதையெல்லாம் அப்படியே நம்பாதே. சொன்னது யார் என்று பார். மரணப் பதிவில் தகவல் கொடுத்தவர் பெயரும் இருக்கும். பெற்ற மகள் சொன்ன பெயருக்கும், துக்கத்துக்கு வந்த அண்டை வீட்டுக்காரர் சொன்ன பெயருக்கும் வித்தியாசம் உண்டல்லவா?

சகோதரிகளே, அடுத்த முறை பிறந்தகம் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டு போங்கள். அம்மாவின் அம்மா, அவளுடைய அம்மா என்று தெரிந்தவரை பெயரும் ஊரும் எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே, சொன்னது யார், எந்த வருஷம் என்றும் குறியுங்கள். வீட்டிலே பெரியவர்கள் யாராவது இருந்தால், பண்டிகை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்விடுங்கள்.