கணக்குப் பேசினால் ஆள் பேச வேண்டாமா?

தோட்டத்து நிறுவைக் கொட்டகைகளில் பேரேடும் பென்சிலும் மறைந்து வருகின்றன. தராசு மின்சாரத் தராசாகிவிட்டது. கிராணியின் கையில் கைப்பேசி இருக்கின்றது. சில இடங்களில் காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடுவது நின்று, விரல் பதிக்கும் பெட்டி வந்திருக்கின்றது. எவர் எத்தனை மணிக்கு வந்தார், எந்த நிரைக்குப் போனார், எவ்வளவு பால் கொண்டுவந்தார் என்னும் விவரமெல்லாம் பொழுது சாய்வதற்குள் பட்டணத்துத் தலைமை அலுவலகத்தின் திரைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகின்றது. மரத்தடிக்கே வராத அதிகாரி அந்தத் திரையைப் பார்த்துத் தொழிலாளியை எடை போடுகின்றார்.

கணக்கு வேண்டாமென்று நாம் சொல்ல வரவில்லை. செக்ரோலில் விடுபட்ட பெயரும், தராசுத் தட்டில் அழுந்திய விரலும் நம் பெற்றோரின் வயிற்றில் அடித்த காலத்தை நாம் மறக்கவில்லை. ஒழுங்கான கணக்குக் கேட்டுத்தான் சங்கத்தில் சேர்ந்தோம். கிராணி வேலை பார்க்கும் நமக்குக் கணக்கின் அருமையை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கணக்கு ஒன்று சொல்லி ஆள் வேறொன்று சொல்லும்பொழுது, ஆளை உட்கார வைத்துக் கேட்க இப்பொழுது எவருக்கும் பொழுதில்லை. அதைப் பற்றியே எழுதுகிறோம்.

பாலையே எடுத்துக்கொள்வோம். பால் முழுவதும் ரப்பர் அன்று. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே ரப்பர். மீதியில் பெரும்பகுதி நீர். எனவே நிறுத்த எடையோடு ரப்பர்ச் சத்து நூற்றுக்கு எவ்வளவு என்று பார்த்துப் பெருக்கித்தான் காய்ந்த எடை போடுகிறோம். மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியால் பார்த்தால், பாலில் கலந்த நீரின் அளவும், பாலின் சூடும், பார்ப்பவரின் கண்ணும் கணக்கை மாற்றும். 20 கிலோ பால் கொண்டுவந்தவருக்கு 34 என்று பதிந்தால் 6.8 கிலோ. அதே பாலுக்கு 32 என்று பதிந்தால் 6.4 கிலோ. ஒரு நாளைக்கு 400 கிராம். 25 நாளைக்கு 10 கிலோ! கைப்பேசியோ இரண்டையும் ஒரே அழகான எழுத்தில்தான் காட்டும். புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் போட்டுக் காட்டுவதால் உண்மை கூடிவிடாது.

சத்துக் கணக்கே சரியென்று வைத்துக்கொள்வோம். எடை குறைந்ததேன் என்பதை அந்தத் திரை சொல்லுமா? இலையுதிர் காலத்திலும் தளிர் விடும்பொழுதும் பால் குறையுமென்பது குழந்தைக்கும் தெரியும். மழையில் பட்டை நனைந்தால் நேரத்தோடு வெட்ட முடியாது. வெட்டிய பின் மழை வந்தால் மங்கோடு பால் போய்விடும். கிழட்டு நிரையும் இளம் நிரையும் ஒன்றல்ல. இவற்றைவிடக் கொடுமை ஒன்றுண்டு. எடை ஏற வேண்டுமென்று அடிக்கடி வெட்டச் சொல்லி, எத்தெபோன் மருந்தையும் அளவுக்கு மீறிப் பூசினால், சில காலம் கணக்கு ஏறும். பிறகு வெட்டுப்பட்டை வறண்டு மரமே பால் தராமல் நின்றுவிடும். ஏறிய மாதங்களில் பாராட்டு மேலே இருப்பவர்களுக்குப் போகின்றது. வறண்ட மாதங்களில் கடிதம் சீவுகிறவருக்கு வருகின்றது.

நாம் அறிந்த ஒரு தோட்டத்தில் அத்தகைய கடிதம் ஓர் அம்மாளுக்கு வந்தது. மூன்று மாதமாக அவருடைய எடை குறைவாம். கூப்பிட்டு விசாரித்தார்கள். “ஐயா, அந்த மாசம் பூரா மழைங்க. என் நிரையில பாதி மரம் காஞ்சு கெடக்கு. கிராணி ஐயாவுக்கே தெரியும்” என்றார் அவர். நிர்வாகி திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, “இதில் மழை என்று ஒன்றும் இல்லையே, அம்மா” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அதில் மழைக்கு இடம் வைக்கவில்லை. காய்ந்த மரத்துக்கும் இடம் வைக்கவில்லை. கட்டம் போட்டவர் கேட்காத கேள்விக்குக் கணக்கில் எப்படிப் பதில் இருக்கும்?

2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். எடைக்குக் கூலி வாங்குவோருக்கும் அதற்குக் குறைக்கக் கூடாது என்பது சட்டம். சம்பளத்தில் கை வைக்க முடியாத இடத்தில் நெருக்கடி கடிதமாக வருகின்றது என்பது நமது எண்ணம். ஆகவே இந்தப் பதிவுகளின் கனம் இனிமேல் கூடுமேயன்றிக் குறையாது.

கணிப்பொறி சொன்னதை வேதமாக எடுத்துக்கொண்டால் என்ன நேரும் என்பதற்கு இங்கிலாந்துக்குப் போய்ப் பார்ப்போம். அதுவும் கணக்கெழுதுவோரின் கதைதான். அங்கே சிற்றூர் அஞ்சல் நிலையங்களுக்கு 1999 முதல் ஹொரைசன் என்னும் கணிப்பொறிக் கணக்கு முறை வந்தது. நிலையப் பொறுப்பாளர்களின் கணக்கில் திடீர் திடீரென்று பணம் குறைவதாக அது காட்டியது. திருடினாய் என்று வழக்குப் போட்டார்கள். 1999 முதல் 2015 வரை 900க்கு மேற்பட்டோர் குற்றவாளிகளெனத் தீர்ப்பாயிற்று. வீட்டை இழந்தவர்கள் உண்டு, உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. 2010இல் கருவுற்றிருந்த ஒரு பெண்மணியையே சிறைக்கு அனுப்பினார்கள். உதவி கேட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டவர்களுக்குக் கிடைத்த பதில், “உங்களைத் தவிர வேறு எவருக்கும் இப்படி வரவில்லை” என்பதே.

அந்த ஒரு வாக்கியத்தைத் தோட்டத் தொழிலாளர் கூர்ந்து பார்க்க வேண்டும். அது பொய். நூற்றுக்கணக்கானோருக்கு அப்படியே வந்திருந்தது. ஒருவரையொருவர் அறியாததால் ஒவ்வொருவரும் வெட்கித் தலைகுனிந்து கிடந்தார்கள். வேல்ஸ் நாட்டில் அஞ்சல் நிலையம் நடத்திய ஆலன் பேட்ஸ் என்பவர், கணிப்பொறி காட்டிய குறைவை ஒப்புக்கொள்ள மறுத்து, 2003இல் நிலையத்தை இழந்தவர். 2009இல் அவரும் அவரைப் போன்றோரும் ஃபென்னி காம்ப்டன் என்னும் சிற்றூரின் மண்டபமொன்றில் கூடினார்கள். அன்றுதான் “நீ மட்டும்தான்” என்ற பொய் உடைந்தது. பிறகு 555 பேர் சேர்ந்து வழக்காடினார்கள். கணிப்பொறியில் பிழைகள் இருந்தன என்று 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021 ஏப்ரலில் 39 பேரின் தண்டனை ஒரே நாளில் ரத்தாயிற்று. எஞ்சியோருக்காக 2024இல் பாராளுமன்றம் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. இளமை போய்விட்டதே, அதை எந்தச் சட்டம் திருப்பிக் கொடுக்கும்?

கணிப்பொறி சரியாகத்தான் வேலை செய்திருக்கும் என்று கொள்ளும் வழக்கம் அங்கே நீதிமன்றத்திலும் இருந்தது. இங்கே நிலைமை என்ன? 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் 1993இல் 90ஏ என்னும் பிரிவைச் சேர்த்தார்கள். கணிப்பொறிக்குப் பொறுப்பானவர் சான்றில் கையெழுத்திட்டுவிட்டால், அது ஒழுங்காக இயங்கியதாகவே கொள்ள வேண்டுமென்பது அப்பிரிவு. பிழையுண்டு என்று காட்டும் பாரம் எதிராளியின் தலையில்! நிரையில் சீவிக்கொண்டிருப்பவர் அதை எப்படிக் காட்டுவார்?

ஆனால் கதவு முழுவதும் சாத்தப்படவில்லை. குற்றம் சாட்டி வேலை நீக்குமுன் முறையான விசாரணை வேண்டுமென்று 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 14வது பிரிவு சொல்லுகின்றது. திரையைப் படித்துக் காட்டுவது விசாரணையாகாது. தொழில் நீதிமன்றமும் சட்ட நுணுக்கங்களைப் பற்றிக்கொள்ளாமல் நியாயத்தையும் மனச்சாட்சியையும் கொண்டு நடக்க வேண்டுமென்று 1967ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டம் 30வது பிரிவில் விதித்திருக்கின்றது. 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தன்னைப் பற்றி வைத்திருக்கும் விவரங்களைக் காணவும், பிழையிருந்தால் திருத்தக் கோரவும் உரிமை தருகின்றது. 2024இல் செய்த திருத்தத்தின்படி விரல்ரேகை போன்றவை கூடுதல் காப்புக்குரிய விவரங்களாகிவிட்டன. (கத்தி பிடித்துத் தேய்ந்த விரலைப் பெட்டி அடையாளம் காணாமல், வந்த ஆளை வராத ஆளாக்குவதும் நடக்கின்றது. அது தனிக் கட்டுரைக்குரிய விஷயம்.)

கிராணித் தோழர்களுக்கு ஒரு சொல். சான்றில் கையெழுத்து என்று வரும்பொழுது அது நம் பெயராகத்தான் இருக்கும். இங்கிலாந்தில் குற்றவாளிக் கூண்டில் நின்றவர்களும் பெரும்பாலும் கணக்கெழுதியவர்களே. மரம் சீவியவர்கள் அல்லர். மழை நாளையும், நிரை மாற்றத்தையும், வறண்ட மரங்களின் எண்ணிக்கையையும் குறிக்கக் கைப்பேசியில் ஓர் இடம் கேட்போம். கொடுக்கும் வரையில் தனியேட்டில் தேதியிட்டு எழுதி வைப்போம்.

சீவுகிற தோழர்கள் வைத்துக்கொள்ள வேண்டியது சிறிய நோட்டுப் புத்தகம் ஒன்று. தேதி, நிரை எண், பாலின் எடை, சத்துக் கணக்கு, மழையா வெயிலா, எத்தனை மரம் காய்ந்திருக்கின்றன — நிறுவை முடிந்த உடனே, கை கழுவுவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். எழுதத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் எழுதட்டும். இந்தோனேசிய, வங்காளதேசத் தோழர்கள் அவரவர் மொழியிலேயே எழுதட்டும். எண் எல்லோருக்கும் ஒன்றுதான். மாத முடிவில் சம்பளச் சீட்டோடு ஒத்துப் பார்த்து, ஒத்துவராத நாட்களின் கீழே கோடு போட்டு வையுங்கள். கிளைக் கூட்டத்துக்கு வரும்பொழுது அந்தப் புத்தகமும் கூடவே வரட்டும். எத்தனை பேருடைய புத்தகத்தில் ஒரே நாளுக்குக் கோடு விழுந்திருக்கின்றது என்று அங்கே பார்ப்போம்.