நமக்கென ஒரு சட்டகம்

விழா மலர் என்றாற் பழைய நினைவுகளை மீட்டுப் பார்ப்பதே மரபு. எமது கல்லூரியின் பழைய மாணவர் பலர் அதனைச் செவ்வனே செய்துள்ளனர். யாமோ எமக்குக் கிடைத்த இச்சில பக்கங்களை, இனி நம் மாணவர் செய்யவேண்டிய ஒரு சிறு காரியத்தைப் பற்றிச் சொல்வதற்குப் பயன்படுத்த விரும்புகின்றோம். காரியம் சிறிதுதான், ஆயினும் அதனுள் அடங்கிய கேள்வி சிறிதன்று.

நுவரெலியா, ஹற்றன், டிக்கோயா, மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டங்களில் இன்று கைத்தொலைபேசி காணாத லயம் அரிது. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் கொள்ளைநோய் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடம் பெறுவதற்காகப் பிள்ளைகள் தொலைபேசியைக் கையிலேந்திச் சிக்னல் தேடி மலை முகடுகளில் ஏறி நின்ற காட்சியை நாம் மறந்திருக்கமாட்டோம். அத்தொலைபேசிகளிற் பெரும்பாலானவை அண்ட்ரொயிட் என்னும் இயங்குதளத்தைக் கொண்டவை. அவற்றிற் படம் பார்க்கவும் பாடம் கேட்கவும் நம் பிள்ளைகள் நன்கு அறிவர். அவற்றுள் ஓடுவதற்குரிய ஒன்றைத் தாமே ஆக்க அறிந்தவரோ மிகச் சிலர். பிறர் ஆக்கியதை நுகர்ந்திருப்பது ஒரு நிலை. நமக்கு வேண்டியதை நாமே ஆக்கிக்கொள்வது வேறொரு நிலை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட படியைப் பற்றியே இங்குப் பேசுகின்றோம்.

எமது கணினி மன்றத்து மாணவர் சிலர் ஒரு நல்ல முயற்சியில் இறங்கினர். கொழுந்து பறிக்கும் தாய்மார் நாள்தோறும் நிறுத்துக் கொடுக்கும் கொழுந்தின் நிறையைத் தாமே குறித்து வைத்துக்கொள்வதற்கு ஒரு செயலி செய்வது அவர்கள் நோக்கம். இதன் பெறுமதி மலையகத்தார்க்கு விளக்கவேண்டியதன்று. நாட்சம்பளம் 2021ஆம் ஆண்டு மார்ச்சில் 1000 ரூபா என நிர்ணயிக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டு செப்டெம்பரில் 1350 ரூபா ஆயிற்று. தொகை எதுவாயினும், குறித்த நிறை பறிக்காதவளுக்கு முழுப்பெயர் விழாது அரைப்பெயர் விழுவதுண்டு. காலை நிறை, பகல் நிறை, மாலை நிறை, கூடைக்கும் ஈரத்துக்கும் கழித்தது எவ்வளவு என்னும் கணக்கு யாவும் தோட்டத்தார் ஏட்டில் உள்ளன. சில தோட்டங்களில் மின்தராசும் வந்துவிட்டது. பறித்தவள் கையில் மாத்திரம் கணக்கு இல்லை.

மாணவர் செயலியைச் செய்து முடித்தனர். கூட்டலும் கழித்தலும் பிழையின்றி நடந்தன. அவருள் ஒருவன் அதனைத் தன் தாயிடம் காட்டினான். தமிழில் இயங்குமாறு அமைக்கப்பட்ட அவரது தொலைபேசியிலும் செயலி ஆங்கிலத்திலேயே திறந்தது. அம்மையார் ஒருமுறை பார்த்துவிட்டு, "இது யாருக்குடா, தொரைக்கா?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். அவன் அதனைச் சிரித்துக்கொண்டே எம்மிடம் சொன்னான். எமக்குச் சிரிப்பு வரவில்லை.

பிழை எங்கே நேர்ந்தது? மாணவர் தமிழை வெறுத்தவரல்லர். அவர்கள் வேலையைத் தொடங்கிய சட்டகத்திலேயே அப்பிழை இருந்தது. இதனைச் சற்று விளக்கவேண்டும்.

அண்ட்ரொயிட் செயலி எதுவும் வெறுந்தாளிலிருந்து எழுதப்படுவதில்லை. பெரிய செயலிகளைச் சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறையும் தனித்தனியே ஆக்குவர். கணக்கு வைப்பது ஒரு கூறு. நாட்காட்டி மற்றொரு கூறு. ஒருமுறை செம்மையாகச் செய்த கூற்றினைப் பல செயலிகளிற் பொருத்திக்கொள்ளலாம். ஒவ்வொரு கூற்றுக்கும் சில கோப்புறைகளும் கோப்புகளும் குறித்த இடத்திற் குறித்த பெயருடன் இருத்தல் வேண்டும். மூலநிரலுக்கு ஓரிடம், படங்களுக்கும் சொற்களுக்கும் ஓரிடம், மனிபெஸ்ற் எனப்படும் அறிமுகப் பத்திரம், கட்டியமைக்கும் கிரேடில் என்னும் கருவிக்குரிய குறிப்புக் கோப்பு ஆகியன அவை. இவ்வெறும் அமைப்பையே சட்டகம் என்கின்றோம். ஒவ்வொரு முறையும் இதனைக் கையால் அமைப்பது அலுப்பானது. ஓரெழுத்துப் பிழைத்தாலும் வேலை ஓடாது. ஆதலின் கட்டளை வரியில் ஒரு சொற்றொடரைத் தட்டச்சுச் செய்தவுடன் சட்டகம் முழுவதையும் அமைத்துத் தரும் கருவிகளைச் செய்துள்ளனர். வேலை முடிந்தபின் யாவற்றையும் ஒரே பொதியாகக் கட்டுவதும் அத்தகைய கருவிகளின் பணியே. தேயிலையைக் கட்டி அனுப்பும்போது தோட்டத்தின் குறியும் தரமும் இலக்கமும் மேலே இடப்படுதல் போல, இப்பொதியிலும் ஆக்கத்தின் பெயரும் பதிப்பெண்ணும் பதியப்படும். செயலியாக வெளியே செல்லும்போது ஆக்கியோன் ஒப்பமும் அதில் ஏறும்.

இனி அப்பிழைக்கு வருவோம். செயலியின் திரையில் தோன்றும் சொற்கள் யாவும் வலியூஸ் என்னும் கோப்புறையில் இருக்கும். அப்பெயரோடு ஓர் இடைக்கோட்டையும் தமிழுக்குரிய ஈரெழுத்துக் குறியையும் சேர்த்து இன்னொரு கோப்புறை அமைத்தால், தமிழில் இயங்கும் தொலைபேசி தானாகவே அதிலுள்ள சொற்களை எடுத்துக் காட்டும். சிங்களத்துக்கும் அவ்வாறே. இவ்வசதி அண்ட்ரொயிட்டில் எப்போதும் உள்ளது. ஆனால் வழக்கமான சட்டகத்தில் முதற் கோப்புறை மாத்திரமே அமைக்கப்படுகிறது; அதில் ஆங்கிலச் சொற்களே இடப்படுகின்றன. தமிழ்க் கோப்புறை இல்லையென்றால் எந்த எச்சரிக்கையும் எழுந்து வேலையை நிறுத்தாது; செயலி ஓடும்; ஆங்கிலம் ஓசையின்றி வந்து அமர்ந்துகொள்ளும். மாணவன் தமிழைப் பின்னர் சேர்த்துக்கொள்ளலாம் என எண்ணுகின்றான். அந்தப் பின்னர் வருவதில்லை.

சட்டகம் அமைத்தவர் தீயவர் என்று யாம் கூறவில்லை. அவர் தமக்குப் பழக்கமான வீட்டின் வரைபடத்தை வரைந்தார். நாம் அதிற் குடிபுகுந்தோம். இந்த அனுபவம் மலையகத்தார்க்குப் புதியதன்று. லயங்களைக் கட்டியவர் அவற்றில் வாழப்போகிறவரைக் கேட்டுக் கட்டவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி என ஓரளவு வகுத்தார். மலைக்கு மலை அதே வரிசை எழுந்தது. அவ்வளவுக்குள் நம் முன்னோர் தம் வாழ்வைச் சுருக்கிக்கொண்டனர். சுவரும் கூரையும் ஆனபின் மாற்றுவது எவ்வளவு கடினம் என்பதை நாம் தலைமுறை தலைமுறையாகக் கண்டுள்ளோம். எனவே, வரைபட நிலையிலேயே நம் தேவையைப் பதித்துவிடல் வேண்டும் என்பதே எமது கருத்து.

இது நடவாத காரியமன்று. முதல் வந்த அண்ட்ரொயிட் தொலைபேசிகளிற் பலவற்றில் தமிழெழுத்துக்கள் வெறும் பெட்டிகளாகத் தோன்றியதைப் பலர் நினைவுகூர்வர். அக்கருவிகள் பரவுவதற்கு முன்னரே, மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் ஆக்கிய செல்லினம் 2005ஆம் ஆண்டிற் சிங்கப்பூரில் வெளியிடப்பட்டு, கைத்தொலைபேசியில் தமிழிற் செய்தி எழுத வழி செய்தது. பின்னர் அது அண்ட்ரொயிட்டிலும் இடம்பெற்றது. பிறர் செய்து தரட்டும் எனக் காத்திராது, தமிழர் ஒருவர் தாமே அடித்தளத்தில் இறங்கி உழைத்ததன் பயனை இன்று நாமெல்லாம் நுகர்கின்றோம்.

எனவே யாம் முன்மொழிவது இது: எமது கல்லூரி மாணவர் தமக்கென ஒரு சட்டகக் கருவியைக் கட்டளை வரியில் இயங்கும் வண்ணம் செய்தல் வேண்டும். கூற்றின் பெயரைக் கொடுத்தவுடன் அது தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்னும் மூன்று சொற்கோப்புறைகளையும் முதல் நாளிலேயே அமைக்கவேண்டும். மூன்றில் ஒன்றிற் சொல் விடுபட்டிருந்தாலும் பொதி கட்ட மறுக்கவேண்டும். சிக்னல் இல்லாத மலையிலும் கணக்கு அழியாதிருக்கும்படி, விவரங்களைத் தொலைபேசியின் உள்ளேயே சேமிக்கும் பகுதியும் அச்சட்டகத்தில் இருக்கவேண்டும். அண்ட்ரொயிட்டினுள் எஸ்கியூலைற் என்னும் தரவுக்களஞ்சியம் ஏற்கனவே அமைந்துள்ளமையால் இதற்கு வேறு செலவில்லை.

இது மாணவர் ஆற்றலுக்கு மேற்பட்டதோ என்று சிலர் ஐயுறலாம். கோப்புறை அமைத்தல், கோப்பு எழுதல், ஒரு சொல்லை மற்றொரு சொல்லால் மாற்றுதல் ஆகிய மூன்றுமே இக்கருவியின் பெரும்பகுதி. உயர்தர வகுப்பின் தகவல் தொழினுட்பப் பாடத்திற் பைதன் மொழி கற்கும் மாணவன் இவற்றைச் செய்ய வல்லவன். பரீட்சைக்காக மனனம் செய்த மொழி ஒரு பயனுள்ள பொருளாகத் தன் கையில் உருவெடுப்பதை அவன் காண்பதும் ஒரு கல்வியன்றோ?

கண்கவர் பொத்தான்களுடன் அண்ட்ரொயிட் ஸ்ரூடியோ இருக்கையிற் கறுப்புத் திரையிற் கட்டளை எழுதுவானேன் என்று கேட்பாரும் உளர். அம்மென்பொருளுக்குக் குறைந்தது 8 ஜிபி நினைவகம் வேண்டுமென அதனை ஆக்கியோரே கூறுகின்றனர். நன்கொடையாக வந்த பழைய கணினிகளில் அதனைத் திறந்துவிட்டு மாணவர் சன்னலுக்கு வெளியே மூடுபனியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதே. கட்டளை வரிக் கருவிகள் அத்துணைச் சுமையானவை அல்ல. கிரேடில் முதன்முறை இயங்கும்போது பெருந்தொகையான கோப்புகளை இணையத்திலிருந்து இறக்கும் என்பது உண்மை. ஆனால் ஒருமுறை இறக்கியவற்றைச் சேமித்துவைத்து, இணையத் தொடர்பின்றியே இயங்குமாறு அதற்குக் கட்டளையிடலாம். கல்லூரியில் ஒருமுறை இறக்கினாற் பல மாணவர்க்குப் பயன்படும்.

இயந்திரமே நிரல் எழுதித் தரும் இக்காலத்தில் இவ்வுழைப்பு வீண் என்பது மற்றொரு தடை. அவ்வியந்திரத்திடம் கேட்பவன் எதைக் கேட்கவேண்டும் என்று அறிந்திருக்கவேண்டும். தமிழ்க் கோப்புறை என ஒன்று உண்டென்று அறியாதவன் அதனை எவரிடமும் கேளான். ஆதலால் முதற் கூற்றினை ஒவ்வொரு மாணவனும் தன் கையாலேயே, கோப்புறை கோப்புறையாக அமைக்கவேண்டும். அதன்பின்னரே கருவியைத் தொடவேண்டும் என்பது எமது உறுதியான எண்ணம். இதற்கு ஒரு பாடமும் உண்டு. அண்ட்ரொயிட்டுக்கெனக் கூகிள் நிறுவனம் வழங்கிய கருவித் தொகுதியிலேயே முன்னர்ச் சட்டகம் அமைக்கும் கட்டளை ஒன்று இருந்தது. 2017ஆம் ஆண்டில் அது நீக்கப்பட்டது. கட்டளையை மாத்திரம் அறிந்திருந்தவர் திகைத்தனர். கட்டளை என்ன செய்தது என்பதை அறிந்திருந்தவர் மறுநாளும் தம் வேலையைத் தொடர்ந்தனர்.

இன்னுமொன்று கூறி முடிப்போம். செயலிப் பொதியில் ஒப்பமிடுவதற்கு ஒரு மறைசாவி உண்டு. அதே சாவியால் ஒப்பமிட்ட புதிய பதிப்பையே தொலைபேசி பழையதன் இடத்தில் ஏற்கும். மேலே கூறிய மாணவர், அத்தாயின் கேள்விக்குப் பின்னர்ச் செயலியைத் தமிழாக்கினர். அதற்குள் சாவி இருந்த கணினி பழுதுற்றது. வேறு படி எடுத்து வைத்தாரில்லை. பழைய செயலியை நீக்கிவிட்டே புதியதை நிறுவ நேர்ந்தது. அதனோடு அதுவரை பதிந்திருந்த நிறைக்கணக்கும் போயிற்று. அதற்குப் பொறுப்பு எம்முடையதும் ஆகும்; சாவியைப் பேணும் முறையை யாம் அவர்க்குக் கற்பிக்கவில்லை. இனி அச்சாவி இரு பிரதிகளாக, இரு ஆசிரியர் பொறுப்பில், பதிவேட்டுடன் கல்லூரியிற் பேணப்படல் வேண்டும்.

விழா நிதியைக் கொண்டு பளிங்குத் தரையுடன் கணினிக்கூடம் கட்டலாம் என்னும் பேச்சு எம் செவிக்கும் எட்டியுள்ளது. கூடம் வரட்டும், யாம் தடுப்பாரல்லேம். ஆயின் அந்நிதியிற் சிறிதளவு, கிழமைக்கு ஒரு மாலை மாணவரோடு அமர்ந்து இக்கருவியைச் செய்விக்கும் ஆசிரியர் ஒருவருக்கும், பழைய கணினிகளுக்கு நினைவகம் சேர்ப்பதற்கும் ஒதுக்கப்படுமாயின், அதனையே பெரிய திருப்பணியாகக் கருதுவோம். வெளிநாடுகளிலும் கொழும்பிலும் கணினித் துறையில் உயர்ந்திருக்கும் பழைய மாணவர், பணத்தோடு தம் மாலைப்பொழுது சிலவற்றையும் தருவாராக.

அந்தத் தாய் கேட்ட கேள்விக்கு இன்னும் விடை கூறவேண்டியிருக்கிறது. அடுத்த முறை அவர் தொலைபேசியைத் திறக்கும்போது, பறித்த கொழுந்தின் நிறை அவர் மொழியில், அவர் கையில் இருத்தல் வேண்டும். "உங்களுக்குத்தான் அம்மா" என்று அவர் மகன் தயங்காது சொல்லும் நாள் விரைவில் வருவதாக.