குரல் கேட்கும் கருவியும் குறை கேளாக் காதுகளும்



விமானியின் குரலைக் கொண்டே அவர் உறக்கக் கலக்கத்தில் இருக்கிறாரா என்று கண்டறிய ஆய்வாளர்கள் முயன்று வருகின்றனர். களைத்தவன் பேச்சு தளரும், சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி நீளும், குரலின் ஏற்ற இறக்கம் மறையும், எழுத்துகள் குழையும். இவற்றைக் கருவி அளந்து கூறுமாம். நன்று! பகுத்தறிவாளர் நாம், கருவி கண்டு கலங்குவோர் அல்லர். ஆனால், கருவி கூறிய பிறகு நடப்பது என்ன? அதுவன்றோ கேள்வி!

2010 மே 22. துபாயிலிருந்து மங்களூர் வந்த விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தாக்கில் வீழ்ந்தது. 166 பேரில் 158 பேர் மாண்டனர். பிழைப்பு நாடி வளைகுடா சென்று ஊர் திரும்பியோர் அவர்களுள் பலர். விமானி அறையின் ஒலிப்பதிவை விசாரணைக் குழு கேட்டது. 2 மணி 5 நிமிடப் பதிவில், முதல் 1 மணி 40 நிமிடம் விமானிகளிடையே உரையாடலே இல்லை. தலைமை விமானியின் குறட்டை ஒலித்தது! விழித்தும் கலக்கம் தெளியாமல் தரையிறக்க முனைந்தார் அவர். மீண்டும் மேலெழுப்புமாறு துணை விமானி எச்சரித்தும் பயனில்லை. அங்கே குரல் இருந்தது, பதிவும் இருந்தது. அதைப் பிறர் காது கேட்க 158 பிணங்கள் விழவேண்டியிருந்தது. (பேச்சை மட்டும் அளக்கும் கருவி, பேச்சற்ற அந்த 100 நிமிடத்தில் எதை அளந்திருக்கும்? மௌனத்தையும் அளக்க அதைப் பழக்குக!)

களைப்பு குரலில் வெளிப்படுகிறது, விளைவதோ பணிப்பட்டியலில். 2024 ஜனவரியில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் புதுவிதி வகுத்தது. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாயிற்று. இரவுத் தரையிறக்கம் 6இலிருந்து 2ஆகக் குறைந்தது. நிறுவனங்கள் முனகின, விதி தள்ளிப்போனது, 2025 ஜூலையிலும் நவம்பரிலுமாக இரு கட்டங்களில் நடைமுறைக்கு வந்தது. போதிய விமானிகளை ஆயத்தப்படுத்தாத இண்டிகோ, டிசம்பரில் ஆயிரக்கணக்கில் விமானங்களை ரத்துசெய்தது. பயணிகள் தவித்தனர். ஆட்சியாளர் என்ன செய்தனர்? இரவுப் பணி விதியிலிருந்து அந்நிறுவனத்துக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்களித்தனர்! பறப்புகளைக் குறைக்கச் சொன்னதும் உண்டு, மறைக்கவில்லை. எனினும், தவறியது நிறுவனம். தளர்த்தப்பட்டது விமானியின் ஓய்வு!

இத்தகையோர் கையில் குரல் கேட்கும் கருவி கிடைத்தால்? ‘களைத்தாய்’ என்று கருவி சொல்லும், ‘ஏன் களைத்தாய்?’ என்று நிர்வாகம் விமானியை மிரட்டும். பட்டியல் தீட்டியவனை எந்தக் கருவி கேட்கும்? களைத்தவருக்கு ஊதியம் குறையாத ஓய்வைச் சட்டமாக்குங்கள். கருவியின் பதிவு, பணிப்பட்டியலோடு சேர்ந்து இயக்ககத்துக்கும் சங்கத்துக்கும் செல்லட்டும். தண்டனைக் கோப்புக்குச் செல்லலாகாது. கருவியைப் புகழ்ந்து எவரேனும் உங்களிடம் பேச வந்தால், தோழர்களே, முதலில் கேளுங்கள்: அந்தப் பதிவு யார் கையில் இருக்கும்?