தாத்தாவுக்கு ஒரு கோயில்

குழந்தைகளே! சீனாவில் மிங் வம்சப் பேரரசர்கள் 13 பேரின் கல்லறைகளை டிக்கெட் வாங்கிப் பார்க்கிறார்கள். நம் சோழ மன்னரின் பள்ளிப்படையைப் பார்த்திருக்கிறீர்களா?

பள்ளிப்படை என்றால் இறந்தவருக்காக எழுப்பும் கோயில். பொன்னை ஆற்றங்கரையில் உள்ள மேல்பாடியில், தன் பாட்டனார் அரிஞ்சயனுக்காக முதலாம் ராஜராஜன் கட்டியது இருக்கிறது. அங்குள்ள கல்வெட்டு அவரை 'ஆற்றூர்த் துஞ்சின தேவர்' என்கிறது. துஞ்சுதல் என்றால் உறங்குதல். 'இறந்தார்' என்று எழுத மனம் வரவில்லை போலும்!

ஊரப்பாக்கத்திலிருந்து வேலூர்க் கோட்டைக்குச் சுற்றுலா போகும் பள்ளிகள் மேல்பாடிக்கும் போகவேண்டும் என்பேன். சமாதி என்று பயப்படாதீர்கள். அது சிவன் கோயில்தான். சுவரில் மட்டும் உங்கள் பெயரைக் கிறுக்காதீர்கள். அது 1000 ஆண்டுக் கல்வெட்டை அழித்துவிடும். நோட்டும் பென்சிலும் கொண்டுபோய், எத்தனை எழுத்துகளைப் படிக்க முடிகிறது என்று எண்ணிப் பாருங்கள்.