ஊதிக் காட்டு!

தேனாம்பேட்டையிலே, அண்ணா சாலையின் ஓரத்திலே, விளக்கு வரிசை மின்னும் மண்டபம் ஒன்றை மனக்கண்முன் நிறுத்துங்கள், தோழர்களே! பன்னிரண்டாம் வகுப்பை முடித்துப் பிரியப்போகும் பிள்ளைகளுக்குப் பிரிவு விழா. இசை உண்டு, ஆடல் உண்டு, விருந்து உண்டு. புத்தாடை உடுத்தி, பூரிப்போடு வருகிறாள் ஒரு மாணவி. வாயிலிலே அவளை வரவேற்பது சந்தனமல்ல, பன்னீரல்ல, ஒரு குழல்! சீருடைக் காவலாளி அதை அவள் உதட்டருகே நீட்டுகிறான்.

"ஊதிக் காட்டு!"

"நான் குடிப்பவளல்லவே!"

"அதைத்தான் ஊதிக் காட்டச் சொல்கிறேன்!"

காட்சி கற்பனை; கருவி கற்பனையல்ல. அமெரிக்க நாட்டுப் பள்ளிகளிலே, நடன விழாவின் வாயிலில் மாணவர் மூச்சை அளப்பது பழகிப்போன வழக்கம். அங்கே தோன்றியது இங்கே வந்து சேர நெடுநாள் ஆவதில்லை. பையைத் திறந்து பார்ப்பது இங்கே ஏற்கெனவே பழக்கமாகிவிட்டது. அடுத்தது மூச்சு. ஆகவே, குழல் வந்தபிறகு கூக்குரலிடுவதைவிட, வருமுன் கேள்வி கேட்பது பகுத்தறிவாளர் கடமை.

"குடிக்கு வக்காலத்தா? சீர்திருத்தம் பேசும் ஏடு, சீரழிவுக்குத் துணை போவதா?" என்று சீறுவோர் உண்டு. அவர்களுக்கு வரலாற்றையே விடையாகத் தருவோம். 1921-ஆம் ஆண்டு. கள்ளுக்கு எதிராகக் கிளர்ச்சி. பெரியார் என்ன செய்தார்? தமக்குச் சொந்தமான தோப்பிலே நின்ற 500-க்கும் மேற்பட்ட தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார். ஈரோட்டிலே கடைமுன் மறியல் நடந்தது. நாகம்மையாரும் கண்ணம்மாளும் முன்வரிசையில் நின்றனர். மறியல் நடந்தது கடையின் முன்னே! எவன் வாயையும் திறந்து எவரும் முகர்ந்து பார்க்கவில்லை! வெட்டப்பட்டது தம் மரம், பிறர் மானமல்ல. பின்னாளில், சட்டத்தின் தடியால் குடியை ஒழித்துவிட முடியாதென்று மதுவிலக்குச் சட்டத்தையே எதிர்த்தவரும் அவர்தான். குடி தீது என்பதிலே ஐயமில்லை. 2024-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலே நச்சுச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அந்தச் சுடுகாட்டுப் புகையை மறந்துவிட்டு எழுதவில்லை நாம். கேள்வி வேறு: தீமையை ஒழிக்க, குற்றமற்றவனின் தன்மானத்தைக் காணிக்கையாகக் கேட்கலாமா?

சாலையிலே காவல்துறை ஊதச் சொல்லவில்லையா என்பர். சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவு, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மதுவிருந்தால் ஓட்டுவது குற்றம் என்கிறது. ஏன்? ஓட்டுபவன் கையிலே ஊரார் உயிர் இருக்கிறது. உரிமம் பெற்று, நிபந்தனைகளை ஏற்று அவன் சாலைக்கு வருகிறான். சோதிக்கும் அதிகாரத்தையும் அளவையும் சட்டம் எழுதி வைத்திருக்கிறது. பள்ளி மண்டபத்தின் வாயிலிலே என்ன சட்டம்? என்ன அளவு? எவர் தந்த அதிகாரம்? ஆடவரும் பிள்ளையின் காற்சலங்கை, பேருந்தின் சக்கரமா?

கருவிதான் கடவுளா? அதுவுமல்ல. ஆல்கஹால் கலந்த மருந்தால் வாய் கொப்பளித்துவிட்டு உடனே ஊதினால், குடியாதவனையும் குடிகாரன் என்று காட்டக்கூடும் அக்கருவி. சிறிது நேரம் பொறுத்து மீண்டும் சோதிக்க வேண்டும். காலந்தோறும் கருவியைச் சரிபார்க்க வேண்டும். வரிசையிலே 200 பிள்ளைகள் நிற்க, பின்னால் நிற்பவர் சிரிக்க, கையிலே கைபேசியோடு பத்துப்பேர் படம் பிடிக்க, அந்தப் பொறுமை யாருக்கு இருக்கும்? குடித்தான் என்று ஒருவனைத் தண்டிக்க வாய்நாற்றமும் தள்ளாட்டமும் மட்டும் போதா என்று உச்ச நீதிமன்றமே 1971-இல் பச்சுபாய் வழக்கிலே சொல்லியிருக்கிறது. வளர்ந்தவனுக்கு அவ்வளவு பாதுகாப்பு. வளரும் பிள்ளைக்கு ஒரு விளக்கு எரிந்தாலே தீர்ப்பா? மறுநாள் அவள் பெயர் எத்தனை வாட்ஸாப் குழுக்களிலே ஏறும்? கருவி பிழை செய்தது என்ற செய்தி அவற்றுள் எத்தனைக்குப் போய்ச் சேரும்?

"எல்லோரையும் சோதிக்கிறோம், ஆகவே வேற்றுமை இல்லை" என்பது அடுத்த வாதம். அடடா, என்ன சமத்துவம்! எல்லோரையும் அவமதித்தால் அவமதிப்பு மறைந்துவிடுமா? ஒரு கூட்டத்தையே குற்றவாளி என்று வைத்து, "இல்லை என்று நீயே மெய்ப்பி" என்னும் முறையை இந்நாடு அறியும். வெள்ளையன் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் அதைத்தானே செய்தது? தனி மனிதன் செய்த குற்றத்தைக் கேட்கவில்லை அது, பிறந்த குலத்தைக் கேட்டது, "கைரேகை வை!" என்றது. மறுத்த பெருங்காமநல்லூர் மக்களை 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் துப்பாக்கி சுட்டு வீழ்த்தியது. 1947-இல் சென்னை மாகாணம் அச்சட்டத்தைத் தூக்கியெறிந்தது. அந்தக் கொடுமையும் இந்தக் குழலும் ஒரே அளவின என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டின் அடியிலும் கிடக்கும் எண்ணம் ஒன்று: ஐயப்படக் காரணம் தேவையில்லை; நீ இன்ன கூட்டத்தைச் சேர்ந்தவன் என்பதே போதும்! அன்று குலம், இன்று வயது.

அமெரிக்கா சென்ற வழியைப் பாருங்கள். 1995-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பள்ளி விளையாட்டு வீரர்களுக்குப் போதைப்பொருள் சோதனை நடத்தலாம் என்றது. 2002-இல், விளையாட்டு மட்டுமல்ல, பாட்டுக்குழுவில் பாடும் பிள்ளையையும் சோதிக்கலாம் என்றது. பந்து பிடித்த கையிலே தொடங்கியது, பண் பாடிய வாய்க்கு வந்தது! பயன் என்ன? சுமார் 76,000 மாணவரைக் கொண்டு மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2003-இல் வெளியிட்ட ஆய்வு, சோதனை உள்ள பள்ளிக்கும் இல்லாத பள்ளிக்கும் போதைப் பழக்கத்திலே வேற்றுமை காணவில்லை. அந்நாட்டுக் குழந்தை மருத்துவர் கழகமே 2015-இல் இத்தகைய சோதனைத் திட்டங்களை எதிர்த்தது.

நடன விழாவின் கதையும் ஒன்றுண்டு. 2012-இல் புளோரிடா மாநிலத்தின் மார்ட்டின் மாவட்டத்திலே, மாணவர் சிலர் வாடகைப் பேருந்திலே விழாவுக்கு வந்தனர். பேருந்தில் வெற்று மதுப்புட்டி ஒன்று கிடைத்தது. அனைவரையும் நிறுத்தி ஊதச் சொன்னார்கள். ஒருவர்கூடக் குடித்திருக்கவில்லை! மாலையின் பெரும்பகுதியோ வாயிலிலேயே கழிந்தது. 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், புட்டி கிடைத்ததால் சோதித்தது தவறல்ல; ஊதித் தேறிய பிறகும் பிள்ளைகளைப் பிடித்து வைத்ததே உரிமைமீறல் என்றது. காரணம் இருந்தால் கேள். கேட்டு முடிந்தால் விடு! இதுதானே அறிவுக்குப் பொருந்தும் அளவுகோல்?

நம் நாட்டிலும் அளவுகோல் இல்லாமலில்லை. 2017 ஆகஸ்டு 24 அன்று, உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து, தனியுரிமை அடிப்படை உரிமை என்றனர். அரசு அதிலே கைவைக்க வேண்டுமானால் சட்டம் வேண்டும், தக்க நோக்கம் வேண்டும், நோக்கத்துக்கு மிகாத வழி வேண்டும். 2019-இல் கேரள உயர் நீதிமன்றம், கல்லூரி விடுதி மாணவியரின் கைபேசியைப் பறித்த விதியைத் தள்ளி, விடுதி வாழும் பெண்ணுக்கும் அவ்வுரிமை உண்டென்றது. பள்ளி வாயிலிலே செருப்பைக் கழற்றலாம். உரிமையைக் கழற்றி வைக்கச் சொல்ல முடியாது!

இனி, கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்போம். பிள்ளையின் வாயில் மது இருந்தால், அது எங்கிருந்து வந்தது? வானத்திலிருந்தா? 1983-இல் தோன்றிய டாஸ்மாக், 2003 முதல் சில்லறை விற்பனையையும் தன் கையில் வைத்திருக்கிறது. 21 வயதுக்குக் குறைந்தவர்க்கு விற்கக்கூடாது என்பது விதி. மாநகரிலே பள்ளியிலிருந்து 50 மீட்டருக்குள் கடை கூடாது என்பதும் விதி. ஐம்பது மீட்டர்! விளையாட்டு நாளிலே சிறுவன் ஒரே மூச்சில் ஓடிக் கடக்கும் தொலைவு! சிறாருக்கு மது கொடுப்பவனுக்கு ஏழாண்டு வரை கடுங்காவல் என்கிறது 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம், 77-ஆவது பிரிவு. கொடுத்தவனுக்குச் சட்டம் இருக்கிறது. அவனைத் தேட ஆளில்லை. குடியாத பிள்ளையைச் சோதிக்கச் சட்டமில்லை. அதற்கு ஆளும் கருவியும் ஆயத்தம்! விற்பவன் வாயில் பூட்டு. படிப்பவன் வாயில் குழல்!

அப்படியானால் கண்ணை மூடிக்கொள்வதா? இல்லை. தள்ளாடி வரும் பிள்ளையைத் தனியறைக்கு அழையுங்கள். பெண்ணாயின் பெண் ஆசிரியர் உடனிருக்கட்டும். பெற்றோரை வரவழையுங்கள். சோதனை தேவையென்றால் காரணத்தைச் சொல்லி, இசைவு பெற்று, பயின்றவரைக் கொண்டு, இருமுறை செய்யுங்கள். மறுப்பைக் குற்ற ஒப்புதலாக எழுதாதீர்கள். முடிவை நான்கு சுவருக்கு வெளியே விடாதீர்கள். குடித்தது உண்மையானால், மாற்றுச் சான்றிதழை நீட்டாமல் மருத்துவரிடம் அனுப்புங்கள். மருத்துவத் துறையின் இயக்ககங்கள் இயங்கும் டி.எம்.எஸ். வளாகம் இதே தேனாம்பேட்டையிலேதானே இருக்கிறது! விழா வாயிலுக்குக் காவலாளியை அனுப்பும் நகரம், வகுப்பறைக்கு மருத்துவரை அனுப்பட்டும்; குடி ஈரலை என்ன செய்யும், இல்லத்தை என்ன செய்யும் என்று அவர் விளக்கட்டும்.

இளைஞனே! உன் பள்ளியிலோ கல்லூரியிலோ நாளை அந்தக் குழல் நீளுமானால், கூச்சலிடாதே, ஓடாதே. நிமிர்ந்து நின்று மூன்று கேள்வி கேள்: "என்மீது என்ன ஐயம்? எந்தச் சட்டம்? முடிவை யார் பார்ப்பார்?" விடை வந்தால் ஒத்துழை. வராவிட்டால், பணிவோடு, ஆனால் உறுதியோடு மறு. குடிக்காமல் இரு; அது உன் அறிவு. குனியாமல் இரு, அது உன் மானம். இரண்டையும் ஒருங்கே காக்கும் இளைஞன் இருக்கும் நாட்டிலே, வாயிற்காவலனின் குழலுக்கு வேலையே இராது.