மேடையின் பின்புறம் யாருடையது?

மார்கழியில் எது இசை, அதை எவர் பாடலாம் எனும் நெடுநாள் வழக்கில் தீர்ப்பு ஓரளவேனும் நம் பக்கம் திரும்பியிருக்கிறது. 1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டின் தொடர்ச்சியாக 1928இல் மியூசிக் அகாதெமி உருவானது. அன்றுமுதல் இந்நகரின் டிசம்பர், சபாக்களுக்கு எழுதிவைக்கப்பட்ட சொத்தைப் போலவே இருந்துவந்தது. 2007இல் சென்னை சங்கமம் கிராமியக் கலைகளைப் பூங்காக்களுக்கும் தெருக்களுக்கும் கொண்டுவந்தது. 2015இல் ஊரூர் ஆல்காட் குப்பத்தின் மீனவர் குடியிருப்பில் கர்நாடக இசையும் பிற கலைகளும் ஒரே மேடையைப் பகிர்ந்துகொண்டன. 2020இல் நீலம் பண்பாட்டு மையம் ‘மார்கழியில் மக்களிசை’யைத் தொடங்கி, பறையையும் கானாவையும் ஒப்பாரியையும் அப்பருவத்தின் நடுவிலேயே நிறுத்தியது. மேடையைப் பற்றிய விவாதம் இவ்வளவு தூரம் நடந்துவந்திருக்க, மேடையின் பின்புறத்தைப் பற்றி நாம் பேசியது மிகக் குறைவு.

கலைஞர்களை வரவழைப்பவர், தங்க இடம் பார்ப்பவர், உணவுப் பொட்டலம் எண்ணுபவர், நிகழ்ச்சி வரிசையைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுபவர், இரவு இரண்டு மணிக்கு நாற்காலி அடுக்குபவர் ஆகியோரின் உழைப்பையே பின்புறம் என்று குறிப்பிடுகிறோம். ஒரு விழா சாதிக்கு எதிரானதா என்பதை அதன் பாடல் பட்டியலைக் கொண்டு மட்டும் முடிவுசெய்ய இயலாது. கணக்குப் புத்தகத்தையும் பணிப் பட்டியலையும் பார்த்தாக வேண்டும்.

பறையிலிருந்தே தொடங்கலாம். ஃபைபர் பறைகள் பரவிவிட்ட பிறகும் தோற்பறையைக் கைவிடாத குழுக்கள் பல உள்ளன. மார்கழிப் பனியில் தோல் தளர்ந்துவிடும். ஆட்டத்துக்குச் சற்று முன்பு வைக்கோலையோ காகிதத்தையோ கொளுத்திக் காய்ச்சினால்தான் உரிய ஒலி எழும். இதைச் சலுகையாகக் கருதுவது அறியாமை. வீணைக்குச் சுருதி சேர்ப்பதைப் போன்றதுதான் இதுவும். ஆயினும், கச்சேரிக்கென்று கட்டப்பட்ட குளிரூட்டிய அரங்குகளில் நெருப்பு மூட்ட இடமில்லை. தீப்பாதுகாப்பு விதியைக் காட்டி நிர்வாகம் மறுக்க, குழு வாகன நிறுத்துமிடத்தின் மூலைக்கு அனுப்பப்படும். விதியில் தவறில்லை. அரங்கை முன்பதிவு செய்யும் நாளிலேயே திறந்தவெளியில் ஓரிடமும், இரண்டு வாளி மணலும், பொறுப்புக்கு ஒருவரும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தால் இந்த அலைக்கழிப்பு நேராது. சவுண்ட் செக்கிலும் இதே நிலைதான். கிதார் குழுவுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கப்படும். பறைக் குழுவுக்கு ‘அது எப்படியும் கேட்கும்’ என்ற பதில் கிடைக்கும். பறை கேட்கும்தான், அதனுடன் பாடுபவரின் குரல் கேட்காது.

அடுத்தது ஊதியம். நாட்கூலிக்குச் செல்லும் ஓர் ஒப்பாரிப் பாடகிக்கு இருபது நிமிட நிகழ்ச்சி என்பது வர ஒரு நாள், பாட ஒரு நாள், திரும்ப ஒரு நாள் என மூன்று நாள் கூலி இழப்பு. 2023 இறுதியில் தென்மாவட்டப் பேருந்துகளுக்குக் கிளாம்பாக்கம் முனையமான பின், விடியற்காலையில் கருவி மூட்டைகளோடு இறங்கும் குழு நகருக்குள் வர வேறொரு வண்டி பிடித்தாக வேண்டும். அச்செலவு எவர் கணக்கில் சேரும்? வங்கிக் கணக்கும் பான் அட்டையும் உள்ள ஒருவரிடம் மொத்தத் தொகையையும் கொடுத்துவிட்டு, உறுப்பினருக்கு எவ்வளவு சேர்ந்தது என்று கேட்காமலிருப்பது ஏற்பாட்டாளர்களுக்கு எளிது.

இவ்விடத்தில் 1982ஆம் ஆண்டின் தீர்ப்பொன்றை மாணவத் தோழர்கள் அவசியம் வாசிக்க வேண்டும். டில்லி ஆசிய விளையாட்டு விழாவுக்கான கட்டுமானப் பணிகளில் கூலி நாளொன்றுக்கு 9.25 ரூபாய். இடைத்தரகர்களான ஜமாதார்கள் ஆளுக்கு ஒரு ரூபாயைப் பிடித்துக்கொண்டனர். ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் சங்கம் தொடுத்த அவ்வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது அரசமைப்புச் சட்டத்தின் 23ஆவது கூறு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் உரைத்தது. ஒரு மாபெரும் விழாவின் பின்புறத்திலிருந்து பிறந்த தீர்ப்பு அது. கலைஞரின் சன்மானத்தைக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் நேரடியாகக் கொண்டுவருவது கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் பந்தல் கட்டுபவரும் சுமை தூக்குபவரும் அச்சட்டத்தின் பாதுகாப்புக்கு உரியவர்கள். குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆளமர்த்தும் ஒப்பந்தக்காரர் கூலி தராதபோது முதன்மை வேலையளிப்பவரே தர வேண்டும் என்று 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் வகுத்த நெறி, புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களிலும் நீடிக்கிறது.

தன்னார்வலர் என்ற சொல்லையும் நாம் ஆராய வேண்டும். அனுமதிச் சீட்டு இல்லாத, இயக்கம் நடத்தும் விழாவில் தன்னார்வலர் நம் தோழர். சீட்டு விற்கும், விளம்பரதாரர் பணம் பெறும் விழாவில் அதே இளைஞர் ஊதியம் பெறாத ஊழியர். ஒலி நிறுவனத்துக்கு முழுத்தொகையும் கொடுத்துவிட்டு, சேரியிலிருந்து வந்த மாணவருக்குச் சான்றிதழும் சட்டையும் மட்டும் தருவதை எந்தக் கொள்கையாலும் நியாயப்படுத்த முடியாது. பணிப் பங்கீட்டையும் கவனியுங்கள்: ஆங்கிலம் பேசுவோர் விருந்தினர் வரவேற்பில், மற்றோர் குப்பைப் பையுடன். இதை எவரும் திட்டமிட்டுச் செய்ய வேண்டியதில்லை, தானாகவே நிகழும். சுழற்சி முறையில் பணி பிரித்தால் மட்டுமே தடுக்கலாம்.

பெண் தன்னார்வலர்கள் ஒன்றைத் தெளிவாக அறிய வேண்டும். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம், ஊதியமின்றித் தன்னார்வமாகப் பணியாற்றுபவரையும் ‘ஊழியர்’ என்றே வரையறுக்கிறது. வேலையளிப்பவர் ஏற்பாடு செய்யும் வாகனமும் பணியிடமே. ‘நாம் எல்லோரும் தோழர்கள்தானே’ என்ற வாதம் முறையீட்டுக் குழுவுக்கு மாற்றாகாது.

காணொளிகளுக்கு வருவோம். விழா முடிந்த ஒரு வாரத்தில் ஒப்பாரியும் கானாவும் யூடியூபில் ஏறிவிடுகின்றன. பாடியவர் பெயர் ‘கிராமியக் கலைஞர்’ என்பதாகச் சுருங்கிவிடுகிறது. பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துநர் என்ற வரையறைக்குள் பாடகரோடு வித்தைக்காரரையும் பாம்பாட்டியையும் சேர்த்திருக்கிறது. நிகழ்ச்சியைப் பதிவுசெய்யவும் ஒளிபரப்பவும் அவரது இசைவு தேவை. அவ்வுரிமை 50 ஆண்டுகள் நீடிக்கும். நிகழ்த்தியவர் இன்னார் எனப் பெயர் குறிப்பிடப்படுவதும் அவரது உரிமை. அவ்வுரிமையை எவருக்கேனும் மாற்றித் தருவதானால் அது எழுத்தில் இருக்க வேண்டும். ஆகவே, தமிழில், ஒரு பக்கத்தில், தொகை, தேதி, பயணச் செலவு, பதிவின் பயன்பாடு, உறுப்பினர் ஒவ்வொருவரின் பெயர் ஆகியவை அடங்கிய ஒப்பந்தத்தை உரக்கப் படித்துக் காட்டிக் கையொப்பம் பெறுவதே ஒருங்கிணைப்பாளரின் முதல் வேலை என்று நாங்கள் வலியுறுத்துகிறோம். பேனர் வடிவமைப்பு அதன் பிறகு.

விழாவின் மறுநாள் காலையில் நிகழ்வது எந்தக் காணொளியிலும் வருவதில்லை. தற்காலிகக் கழிப்பறைகளின் தொட்டிகளை எவர், எவ்வாறு அகற்றுகிறார்? கழிவுத்தொட்டியை ஆபத்தான முறையில் மனிதரைக் கொண்டு தூய்மை செய்விப்பதை 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆவது பிரிவு தடைசெய்கிறது. ‘ஒப்பந்தக்காரர் பார்த்துக்கொள்வார்’ என்று ஏற்பாட்டாளர் ஒதுங்கிவிட முடியாது. வரவுசெலவுத் திட்டம் தயாராகும்போதே, எந்திரத்தால் கழிவகற்றும் தொகையும் தூய்மைப் பணியாளரின் இரவுக் கூலியும் தனித்தனி வரியாக உள்ளனவா என்று பாருங்கள். இல்லையெனில், ஒலிபெருக்கிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பாக அவ்விரண்டையும் சேர்க்கச் சொல்லுங்கள்.